பாதி வேலையில் அவசர பக் வந்தால்

கேள்வி: புது பில்லிங் பக்கம் எழுதிக்கொண்டிருக்கும்போதே, "மெயின் பிராஞ்சில் ஒரு பக், உடனே பாருங்க" என்கிறார் டீம் லீடர். கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) பாதி வேலையை ஸ்டாஷ் போட்டு ஒதுக்கி வைத்துவிட்டு பிராஞ்ச் மாறுகிறேன். திரும்பி வந்தால் எந்த ஸ்டாஷ் எதற்கென்றே தெரிவதில்லை. ரெப்போவை, அதாவது கோடையும் அதன் வரலாற்றையும் முழுசாக, இன்னொரு குளோன் எடுத்து வைத்துக்கொள்ளலாமா சார்?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: குளோன் வேண்டாம்மா, கிட் வொர்க்ட்ரீ போதும், அதாவது ஒரே ரெப்போவுக்கு இன்னொரு வேலை ஃபோல்டர். 2015இல் வந்த கிட் 2.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது. எங்கள் டீமில் புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் வாரமே இதைக் கற்றுக்கொடுத்துவிடுவேன்.

ஃபோல்டரில் நீங்கள் திறந்து எழுதும் ஃபைல்கள் ஏதோ ஒரு கமிட்டிலிருந்து (பதிந்து வைத்த நிலையிலிருந்து) எடுத்து விரித்த பிரதிதான். வரலாறு முழுக்க டாட்கிட் ஃபோல்டருக்குள் இருக்கிறது. அந்த ஒரே வரலாற்றிலிருந்து இன்னொரு பிரதியை வேறு ஃபோல்டரில் விரிக்கத் தடையே இல்லை. 'கிட் வொர்க்ட்ரீ ஆட்' அடித்து, புது பிராஞ்சின் பெயர், ஃபோல்டர், கிளம்ப வேண்டிய இடம் மெயின் என்று கொடுங்கள். அங்கே போய் பக்கைச் சரிசெய்யுங்கள். பில்லிங் பக்கம் பழைய ஃபோல்டரில் விட்டது விட்டபடி இருக்கும்.

எந்த பிராஞ்சில் நிற்கிறோம், அடுத்த கமிட்டுக்கு எதை ஸ்டேஜ் செய்தோம் என்பதெல்லாம் ஃபோல்டருக்கு ஃபோல்டர் தனி. கமிட்டுகளும் பிராஞ்சுகளும் பொது. அங்கே போட்ட கமிட்டைப் புஷ், புல் எதுவும் இல்லாமல் இங்கே மெர்ஜ் செய்துகொள்ளலாம். இரண்டு குளோன் வைத்தால் இந்த வசதி கிடையாது. அடுத்தவர் கோடை ரிவ்யூவின்போது ஓட்டிப் பார்ப்பதற்கென்றே நான் ஒரு வொர்க்ட்ரீயை நிரந்தரமாக வைத்திருக்கிறேன்.

கிட் கண்டுகொள்ள வேண்டாம் என்று கிட்இக்னோர் ஃபைலில் எழுதியவை புது ஃபோல்டருக்கு வராது. என்விரான்மென்ட் ஃபைலைக் காப்பி செய்து, பேக்கேஜ்களையும் மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். பெரிய ப்ராஜெக்ட்டில் இதற்கு நேரம் பிடிக்கும். அதனால் வேலை முடிந்தவுடன் ஃபோல்டரை நீக்காமல் அடுத்த பக்குக்கும் வைத்துக்கொள்வது நல்லது. ஒரே பிராஞ்சை இரண்டு ஃபோல்டரில் செக்அவுட் செய்ய கிட் விடாது. உங்கள் நன்மைக்குத்தான், வற்புறுத்தாதீர்கள். நீக்கும்போது 'கிட் வொர்க்ட்ரீ ரிமூவ்'. கமிட் செய்யாத மாற்றம் இருந்தால் அதுவே மறுத்துவிடும்.

ஸ்டாஷ் பட்டியலும் எல்லா வொர்க்ட்ரீக்கும் பொதுதான். அதனால் பழைய குவியல் தானாகத் தீராது. ஒவ்வொன்றையும் 'கிட் ஸ்டாஷ் ஷோ மைனஸ் பி' போட்டுப் பாருங்கள். வேண்டியதை 'கிட் ஸ்டாஷ் பிராஞ்ச்' மூலம் தனி பிராஞ்சாக்கி கமிட் செய்யுங்கள். மற்றதை ட்ராப் செய்துவிடலாம்.