சைக்கிளுக்கு ஏது நஷ்டஈடு என்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: சேலத்தில் கொண்டலாம்பட்டியிலிருந்து லீ பஜாருக்குத் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் நான். மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வயது 42. சம்பளம் 15,000 ரூபாய், கையில்தான் தருவார்கள். ஐந்து வாரத்துக்கு முன்பு காலையில் குகை ஏரியாவில், எதிர்த்திசையில் வந்த பைக் மோதி வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. சைக்கிளின் முன்சக்கரமும் நெளிந்துபோனது. பைக்காரர் 3,000 ரூபாய் கொடுத்தார். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது தந்தார்கள். என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த அக்கா மகன், 'சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டார்' என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறான். அங்கே பார்த்த ஒருவர், 'சைக்கிளுக்கு ஏதுங்க நஷ்டஈடு? உங்களுக்கு லைசென்ஸ் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, ஹெல்மெட்டும் இல்லை. வருவதில் பாதி எனக்கு என்றால் நான் வாங்கித் தருகிறேன்' என்று கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா ஐயா?

பதில்: போடாதீர்கள். இதைப் படிப்பதற்குள் போட்டிருந்தால், அந்தக் காகிதத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு வக்கீலைப் பாருங்கள்.

அவர் அடுக்கிய மூன்றும் பயமுறுத்தல். சைக்கிள், சட்டத்தின் பார்வையில் மோட்டார் வாகனமே இல்லை. அதனால் லைசென்ஸ், இன்சூரன்ஸ், ஹெல்மெட் எதையும் சைக்கிள்காரரிடம் மோட்டார் வாகனச் சட்டம் கேட்பதில்லை. இன்சூரன்ஸ் இருக்க வேண்டியது மோதிய பைக்குக்கு. மூன்றாம் நபருக்கான இன்சூரன்ஸ் இல்லாமல் எந்த மோட்டார் வண்டியும் ரோட்டில் ஓடக்கூடாது. அந்த மூன்றாம் நபர் நீங்கள்தான். பைக்கின் நம்பர் தெரியும் அல்லவா? எம்-பரிவாஹன் செயலியில் போட்டால் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று வந்துவிடும். இதைக் கண்டுபிடித்துக் கொடுக்கக்கூட அந்த ஆள் தேவையில்லை.

இப்போது அவசரமான விஷயம். உங்கள் வழக்கில் எனக்குக் கவலை தருவது லைசென்ஸ் அல்ல, அக்கா மகன் சொன்ன அந்த ஒரு வரி. ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேடு என்று ஒன்று எழுதுவார்கள், ஏ.ஆர். காப்பி என்போம். அதில் 'சைக்கிளிலிருந்து தானாக விழுந்ததாக' எழுதியிருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் வேறெதையும் படிக்க மாட்டார். அதை மட்டும் நீதிபதி முன் நீட்டுவார். போலீஸ் வந்தால் அலைச்சல், சீக்கிரம் கட்டுப்போட்டு அனுப்பட்டும் என்று நல்லெண்ணத்தில் சொல்கிற வார்த்தை இது. வாரத்துக்கு இரண்டு பேராவது இந்தச் சிக்கலோடு என்னிடம் வருகிறார்கள். முதலில் ஏ.ஆர். நகலை எழுதிக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றால், யார் சொன்னது, சொன்னவர் விபத்தை நேரில் பார்த்தாரா என்பதைச் சாட்சியத்தில் விளக்க வேண்டும். அக்கா மகன் கூண்டேறி உள்ளதைச் சொல்லட்டும். பார்த்த கடைக்காரர் ஒருவர் வந்தால் இன்னும் நல்லது. பக்கத்துக் கடைகளில் கேமரா இருந்தால் இன்றே போய்க் கேளுங்கள். பல கேமராக்களில் சில வாரத்தில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும். ஐந்து வாரம் ஓடிவிட்டது, கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

அடுத்தது சி.எஸ்.ஆர். அது நீங்கள் புகார் கொடுத்ததற்கான ரசீது, எஃப்.ஐ.ஆர். அல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால், புகாரை எழுதிப் பதிவுத் தபாலில் மாநகரக் காவல் ஆணையருக்கு அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். பைக்காரர் வீட்டில் 'சமாதானமாகப் போகிறோம்' என்று எழுதிக் கேட்பார்கள். எழுதிக் கொடுக்காதீர்கள்.

சட்டப்படி பார்த்தால் இந்த அலைச்சலே உங்களுக்கு இருக்கக்கூடாது. விபத்து நடந்த 48 மணி நேரத்தில் முதல் அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை என்று, விபத்து நஷ்டஈட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குப் போலீஸே அனுப்ப வேண்டும் என்று 2022 முதல் விதி இருக்கிறது. அந்த அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. படிக்கும்போது அழகாக இருக்கிறது. அதை நம்பி வீட்டில் உட்கார்ந்திருங்கள் என்று என்னிடம் வழக்குக் கொடுத்த எந்தக் கட்சிக்காரருக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் 2022 ஏப்ரல் 1-இலிருந்து, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற கெடுவும் சேர்ந்தே வந்திருக்கிறது. அதற்கு முன்பு பல வருடங்கள் கெடுவே கிடையாது. கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அது நடக்கட்டும். உங்களுக்கு இன்னும் ஐந்து மாதம் கூட இல்லை. அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் எம்.சி.ஓ.பி. என்கிற விபத்து நஷ்டஈட்டு மனு போடுங்கள். விபத்து நடந்ததும் நீங்கள் குடியிருப்பதும் சேலம்தான் என்பதால் இங்கேயே போடலாம்.

எவ்வளவு கிடைக்கும்? எலும்பு முறிந்தாலே அது கொடுங்காயம். மோட்டார் வாகனச் சட்டம் 164-ஆம் பிரிவின்படி கொடுங்காயத்துக்கு 2,50,000 ரூபாய், யார் மேல் தப்பு என்று நிரூபிக்கவே வேண்டியதில்லை. நிரூபிக்கத் தேவையில்லாத இந்தத் தொகையில்தான் உங்கள் ஆள் பாதி கேட்கிறார்! 166-ஆம் பிரிவில் போனால் பைக்காரர் தப்பை நிரூபிக்க வேண்டும், ஆனால் தொகைக்கு உச்சவரம்பு இல்லை. கைத்திறன் குறைந்ததால் உங்கள் சம்பாத்தியத்தில் 10 சதவீதம் போய்விட்டது என்று தீர்ப்பாயம் ஒப்புக்கொண்டால், மாதம் 15,000, வருடத்துக்கு 1,80,000, உங்கள் வயதுக்குக் கோர்ட்டுகள் வைத்திருக்கும் பெருக்கெண் 14-ஆல் பெருக்கி, அதில் பத்தில் ஒரு பங்கு: 2,52,000 ரூபாய். மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத நாட்கள், வலி வேதனை எல்லாம் இதற்கு மேல். வலது கையால் பேரேடு எழுதிப் பிழைக்கிறவர் என்பதை மனுவில் அழுத்திச் சொல்ல வேண்டும். சம்பளம் கையில் வாங்குவதால், மண்டி முதலாளியிடம் ஒரு சம்பளச் சான்று வாங்குங்கள். அவர் சாட்சிக்கும் வர வேண்டியிருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் 164 தொகையைக் கையில் கொடுக்க வந்தால், வாங்கும் முன் வக்கீலைக் கேளுங்கள். வாங்கிக்கொண்டால் 166 மனு செத்துவிடும்.

குறுக்கு விசாரணையில், சைக்கிளை ஏன் ஓரமாக ஓட்டவில்லை என்று நிச்சயம் கேட்பார்கள். காலை ஒன்பது மணிக்குச் சேலம் நாலு ரோடு சந்திப்பிலோ ஐந்து ரோடு சந்திப்பிலோ சைக்கிள் மிதித்தவருக்கு அந்தக் கேள்வியே சிரிப்பாக இருக்கும். ஓரத்தில் நிறுத்தி வைத்த வண்டிகள், பள்ளம், அதைத் தாண்டினால் பஸ். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், போதும்.

ஒரு விலக்கு மட்டும் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. உங்கள் சைக்கிளில் பேட்டரி மோட்டார் பொருத்தியிருக்கிறீர்களா? எழுதவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாக, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாக, பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மேல் போகாமல் இருந்து, அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் சான்றும் இருந்தால் அது மோட்டார் வாகனம் அல்ல, நீங்கள் பழையபடி சைக்கிள்காரர்தான். ஆன்லைனில் கிட் வாங்கித் தெருமுனைக் கடையில் மாட்டிய மோட்டாருக்கு இந்தச் சான்று எங்கிருந்து வரும்? ஏற்காடு அடிவாரப் பக்கம் ஏற்றத்துக்காக அப்படி ஒன்றை மாட்டியிருந்த கட்சிக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். 'பதிவில்லாத மோட்டார் வண்டி, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியவர்' என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டது. லைசென்ஸ் இல்லை என்பதாலேயே தப்பு அவர் மேல் ஆகிவிடாது, மோதியது யார் என்பதுதான் கேள்வி. அதைச் சொல்லி நிறுத்துவதற்குள் இரண்டு வருடம் ஓடிவிட்டது. மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு வழக்குப் போடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். கூடாது. விபத்து அன்று எடுத்த படம் ஒன்று எவர் போனிலாவது இருக்கும்.

ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டு அட்டை உள்ளவர்களுக்கு வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்துக்கே தனிப் பாதுகாப்பு உண்டு, ஆனால் இரண்டு பக்கமும் வாங்குவதில் சட்டச் சிக்கல் இருக்கிறது. அட்டையை வக்கீலிடம் முதல் நாளே காட்டிவிட வேண்டும். உங்கள் மண்டியில் அது இருக்காது என்றே நினைக்கிறேன்.

அந்தப் 'பாதி' பற்றி இன்னும் கொஞ்சம். வழக்கில் வருகிற தொகையில் பங்கு பேசுவது வக்கீலுக்கே தடை செய்யப்பட்டது. இந்திய வழக்கறிஞர் குழுமத்தின் விதி அது. வக்கீலுக்கே இல்லாத உரிமை ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவருக்கு எப்படி வந்தது? இவர்கள் கேட்பது வெறும் கையெழுத்து அல்ல. வக்கீலுக்கு அதிகாரம் தரும் வக்காலத்து வெற்றாக, வெற்று பத்திரம், தொகை எழுதாத காசோலை, சிலர் ஏ.டி.எம். அட்டையும் பின் நம்பரும்கூட. இன்னொரு வகையும் உண்டு: மோதிய பைக்குக்கு இன்சூரன்ஸ் இல்லை என்று தெரிந்தால், 'வண்டியை மாற்றிக்காட்டிவிடலாம்' என்பார்கள். ஒப்புக்கொண்டால் நஷ்டஈடு கேட்டுப் போன நீங்கள் மோசடி வழக்கில் குற்றவாளியாக நிற்பீர்கள், அந்த ஆள் போன் எடுக்க மாட்டார். வக்கீலின் பீஸ் இவ்வளவு என்று முதலிலேயே பேசுங்கள். வசதி இல்லை என்றால், கோர்ட் வளாகத்திலேயே உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

பைக்காரர் கொடுத்த 3,000 ரூபாயை மறைக்காமல் மனுவில் எழுதிவிடுங்கள். அப்புறம் அந்த நெளிந்த முன்சக்கரம்: காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்து, புதுச் சக்கரம் மாற்றிய பில்லோடு வையுங்கள். சைக்கிள் சேதத்தையும் அதே மனுவில் கேட்கலாம்.