முகவரி முதுகில் இருக்கிறது

கேள்வி: இரவு பத்து மணிக்கு மேல் எங்கள் தெருவில் நாலைந்து அநாதைக் குதிரைகள் சுற்றுகின்றன. ஸ்கூட்டரில் வரவே பயமாக இருக்கிறது. பிடித்து ஏற்காட்டு மலையில் விட்டுவிட்டால் என்ன? (ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்)

பதில்: அநாதை என்று யார் சொன்னது? நாய் தெருவிலேயே குட்டி போட்டுப் பெருகும். குதிரை நம் தமிழ்நாட்டுக்குக் கப்பலில் வந்து இறங்கிய பிராணி. காசு கொடுத்து வாங்கியவர் இல்லாமல் எந்தத் தெருவுக்கும் அது வந்ததில்லை. பாண்டிய நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கியும் பராமரிக்கத் தெரியாமல் சாகவிட்டார்கள் என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ எழுதிவைத்துவிட்டுப் போனார். எழுநூறு ஆண்டுகளாகியும் நமக்குப் புத்தி வரவில்லை.

போன மாதம் ஐந்து ரோடு அருகே ஒரு செந்நிறப் பெண்குதிரையைப் பார்த்தேன். முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு இடங்களில் வெள்ளை முடி. சேணம் உரசிப் புண்ணாகி ஆறிய இடத்தில் முடி அப்படித்தான் வெளுத்து முளைக்கும். முன்னங்காலில் தளைக்கயிற்றுத் தழும்பு. ஒரு காலில் மட்டும் பாதி தேய்ந்த லாடம். மற்றக் குளம்புகள் வெட்டுவாரில்லாமல் முன்னால் நீண்டு கிடந்தன. குப்பையிலிருந்து சாம்பார் ஊறிய பிளாஸ்டிக் பையை மென்றுகொண்டிருந்தது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. பை குடலை அடைத்தால் தரையில் புரண்டு புரண்டு சாகும். நான் பையைப் பிடித்து இழுத்தேன். முரண்டு பிடிக்காமல் விட்டது. அவ்வளவு தூரம் மனிதர் கைக்குப் பழகிய குதிரை! ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "அது எங்கள் வேலை இல்லை" என்று வைத்துவிட்டார்கள்.

இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதிவிட்டேன், இன்னொரு முறையும் எழுதுகிறேன். வளர்த்த பிராணியைப் பட்டினியில் தவிக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு வேளைக் கொள்ளுக்குக்கூடக் காணாத தொகை! 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் கால்நடைப் பட்டியலில் குதிரையையும் மட்டக்குதிரையையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மேய்ந்து திரியும் கொண்டி மாட்டைப் பவுண்டு என்ற அடைப்புப் பட்டியில் அடைத்து, பணம் கட்டிய சொந்தக்காரரிடம் ஒப்படைத்த ஊர் இது. குதிரைக்கும் அதையே செய்யலாம். தண்ணீரும் தீவனமும் கால்நடை மருத்துவரும் அங்கே இருக்க வேண்டும்.

மலையில் விடச் சொல்கிறீர்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை ஆளில்லாக் காடு அல்ல. காப்பித் தோட்டங்களும் கிராமங்களும் நிறைந்தது. இன்று உங்கள் ஸ்கூட்டருக்கு முன்னால் நிற்கும் குதிரை, நாளை மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில், இருட்டில், இன்னொருவர் பஸ்ஸுக்கு முன்னால் நிற்கும். கோடியக்கரையில் கேட்பாரற்றுத் திரியும் மட்டக்குதிரைகளும் மனிதர் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவைதானே?

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள், சுழியைப் பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். அவ்வளவு பார்த்து வாங்குகிறவரின் பெயரையும் ஊரையும் அங்கேயே ஒரு பதிவேட்டில் எழுதி, குதிரைக்குத் தோலடியில் அடையாள எண்ணுள்ள ஒரு மைக்ரோசிப் வைத்தால் போதும். உங்கள் தெருவில் நிற்கும் குதிரை எந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது மறுநாள் காலையிலேயே தெரிந்துவிடும்.