லண்டனில் வீட்டு எனர்ஜி மதிப்பீட்டாளர் ஆக என்ன தகுதி வேண்டும்?

கேள்வி: கொக்குவிலில் கட்டடப் படம் வரையும் வேலை செய்கிறேன். பட்டப்படிப்பு இல்லை. கலியாணமாகி லண்டன் போக இருக்கிறேன். அங்கே வீடுகளுக்கு எனர்ஜி சான்றிதழ் கொடுக்கும் வேலை நல்லது என்று மச்சாள் சொல்கிறா. இங்கேயே ஒன்லைனில் படித்து முடித்துவிட்டுப் போகலாமா?

பதில்: பட்டம் தேவையில்லை. எனர்ஜி சான்றிதழ் என்பது ஒரு வீடு எனர்ஜியை எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்துகிறது என்று காட்டுவது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடியிருப்பு வீடுகளை மதிப்பிட லெவல் 3 டிப்ளோமா போதும். ஆனால் முழுவதையும் இங்கிருந்து முடிக்க முடியாது. பாடத்தை ஒன்லைனில் படிக்கலாம். அப்புறம் அங்குள்ள வீடுகளுக்கு நேரில் போய் அளந்து, படம் எடுத்து, கோப்பாக ஒப்படைக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலேயே முழு டிப்ளோமாவும் தருகிறோம் என்று யாராவது காசு கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

டிப்ளோமா கிடைத்த உடனேயும் வேலை தொடங்க முடியாது. அரசு அனுமதித்த அங்கீகாரத் திட்டம் ஒன்றில், அதாவது மதிப்பீட்டாளர்களைப் பதிந்து கண்காணிக்கும் அமைப்பில், உறுப்பினராக வேண்டும். எல்ம்ஹர்ஸ்ட், குயிடோஸ் போன்றவை அப்படியானவை. தொழில்சார் காப்புறுதியும் குற்றப் பதிவுச் சோதனையும் கேட்பார்கள். சேர்ந்த பிறகுதான் வீட்டுக்கான எனர்ஜி சான்றிதழை அரசின் பதிவேட்டில் ஏற்றலாம். அதன் பிறகும் உங்கள் அறிக்கைகளில் சிலவற்றை எடுத்துச் சரிபார்ப்பார்கள்.

வேலை இருக்குமா என்றால், இருக்கும். அங்கே வீட்டை விற்கவும் வாடகைக்கு விடவும் இந்தச் சான்றிதழ் வேண்டும். ஒரு சான்றிதழ் 10 வருடத்துக்குச் செல்லுபடியாகும். தரம் ஏ முதல் ஜி வரை. 2020 முதல், விலக்கு இல்லாத வாடகை வீடு குறைந்தது ஈ தரத்திலாவது இருக்க வேண்டும்.

படம் வரையத் தெரிந்தது உங்களுக்குப் பெரிய பலம். ஆனால் சுவரைப் புதிதாகப் பார்க்கப் பழக வேண்டும். நாங்கள் வெக்கை உள்ளே வராமல் கட்டுகிறோம்; அங்கே சூடு வெளியே போகாமல் காக்க வேண்டும். பழைய லண்டன் வீடுகளில் வெளிச்சுவரில் செங்கல்லின் நீளப்பக்கமும் குறுகிய தலைப்பக்கமும் கலந்து தெரிந்தால் பெரும்பாலும் அது நடுவில் இடைவெளி இல்லாத முழுச் சுவர். நீளப்பக்கம் மட்டும் தெரிந்தால் நடுவில் இடைவெளி விட்ட இரட்டைச் சுவராக இருக்கலாம். சுவர்த் தடிப்பை அளந்து உறுதிசெய்வார்கள். அந்த இடைவெளியைச் சூடு காக்கும் பொருளால் நிரப்பியிருக்கிறோம் என்று வீட்டுக்காரர் வாயால் சொன்னால் போதாது. ஆதாரம் இல்லாவிட்டால், கட்டிய காலத்தை வைத்து மதிப்பீட்டு மென்பொருள் ஊகிப்பதே கணக்கில் வரும். அந்த இடத்தில் வீட்டுக்காரர் கோபப்படுவார். பணிவாக, தெளிவான ஆங்கிலத்தில் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். போகும் வரை இருக்கிற மாதங்களை இதற்குச் செலவிடுங்கள்.

கடை, அலுவலகக் கட்டடங்களுக்கு வேறு தகுதி. கட்டடம் சிக்கலாக ஆக லெவல் 4, 5 என்று ஏறும். அதைப் பிறகு பார்க்கலாம். ஸ்கொட்லாந்துக்கு விதிகள் வேறு.

பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் இரண்டு விஷயம் எழுத்தில் கேளுங்கள்: கோப்புக்கான வீடுகளை அவர்கள் ஒழுங்குபடுத்துவார்களா, நீங்களே தேட வேண்டுமா? அங்கீகாரத் திட்டத்தில் சேரும் செலவு கட்டணத்தில் அடங்குமா?