‘ரீடபிள்’ என்றால் நான்கு மடங்கா?

“முயற்சிகளை ரீடபிள் (redouble) செய்வோம்” என்று கொழும்பு அலுவலகத்தில் வந்த மின்னஞ்சலைக் காட்டி, “டபிளுக்கு மேல் டபிள், அப்போ நாலு மடங்கு வேலையா?” என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. இல்லை. முன்பைவிட மும்முரமாக, முழுமூச்சாக இறங்குவோம் என்பதுதான் பொருள்.

சொல் பிரெஞ்சின் ‘ரெடூப்ளே’யிலிருந்து வந்தது. அதன் வேர் இருமடங்கைக் குறிக்கும் இலத்தீன் ‘டுப்ளுஸ்’. முன்னால் நிற்கும் ‘ரீ’ எப்போதும் ‘மறுபடி’ என்று எண்ணிக்கை சொல்வதில்லை. சில சொற்களில் வேகத்தை மட்டும் கூட்டும். இங்கே அந்த வேலைதான். இதில் எனக்குப் பிடித்த ஒன்று: ஆங்கிலத்தில் இருமடங்கை ‘டூ ஃபோல்ட்’ என்பார்கள், ‘ஃபோல்ட்’ என்றால் மடிப்பு. நம் ‘மடங்கு’ம் மடங்குதலில் பிறந்ததே. வெள்ளவத்தைக் கடையில் சேலையை ஒருமுறை மடித்தால் இரண்டு அடுக்கு, மறுபடி மடித்தால் நான்கு. கண்ணால் பார்த்த கணக்கே சொல்லாகிவிட்டது.

நான்கு மடங்கு நிஜமாகவே வரும் இடம் பிரிட்ஜ் சீட்டாட்டம். எதிரணி ‘டபிள்’ சொன்னபின் நீங்கள் ‘ரீடபிள்’ சொல்லி, ஏலத்தில் கேட்ட அளவு பிடிகளை (சீட்டுச் சுற்றுகளை) வென்றால், அந்தப் பிடிகளுக்கான புள்ளி நான்கு மடங்காகும்.

‘டபிள் டவுன்’ உடன் மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது பிளாக்ஜாக் சூதாட்டச் சொல்: பந்தயத்தை இரட்டித்து, இன்னும் ஒரே ஒரு சீட்டு மட்டும் வாங்குவது. இன்று அதற்கு, எதிர்ப்பு வந்தும் சொன்னதிலேயே இன்னும் உறுதியாக நிற்பது என்ற பொருளும் உண்டு. பாராட்டாக எழுத நினைத்து அதைப் போட்டால் பிடிவாதக்காரர் என்று படிக்கப்படலாம். மேலதிகாரிக்குப் பதில் எழுதும்போது ‘ரீடபிள்’ போதும்.