கால் ஏக்கர் மான் தீவன வயல்: எந்த விதை, எவ்வளவு?

அமெரிக்காவின் வட மாநிலங்களில் வெள்ளைவால் மான் வேட்டைக்காகக் காட்டோரம் சிறு தீவன வயல் போடுகிறவர்கள் கேட்டவை. அளவுகள் எல்லாம் கால் ஏக்கருக்கு.

கேள்வி: மிச்சிகனில் மரங்களுக்கு நடுவே கால் ஏக்கர் வெட்டவெளி இருக்கிறது. மானுக்குச் சோயா ரொம்பப் பிடிக்குமாமே, போடலாமா சார்?

பிடிப்பதுதான் சிக்கல். முளைத்து வரும் சோயாவை வித்திலைக்கு (விதையிலிருந்து முதலில் விரியும் இலைக்கு) கீழே கடித்துவிட்டால் அந்தச் செடி மறுபடி துளிர்க்காது. நாலைந்து மான்கள் வந்துபோனாலே, வேட்டைக் காலத்துக்கு முன்பே வயல் மொட்டையாகிவிடும். மின்வேலி போட முடியாவிட்டால் சோயாவை விட்டுவிடுங்கள். சிறு வயலுக்கு ஏற்றது, மேய்ந்த பிறகும் அடியிலிருந்து எழும் பயிர்தான்: ரை (கோதுமை போன்ற குளிர்காலத் தானியம்), ஓட்ஸ், குளோவர் (மூவிலைத் தீவனப் பயறுவகைச் செடி).

கேள்வி: அப்படியானால் கலவை என்ன விகிதத்தில்?

ரை 12 பவுண்டு, ஓட்ஸ் 10, நடுத்தரச் சிவப்பு குளோவர் 2, லடீனோ வெள்ளை குளோவர் 1. ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிக்குள் விதையுங்கள். முதலில் மான் தேடி வருவது ஓட்ஸுக்கு. கடுங்குளிரில் அது செத்துவிடும். ரை பனியிலும் பச்சையாக நிற்கும். வசந்தத்தில் அது கதிர் விடும் முன் வெட்டிவிட்டால், அடியில் இருக்கும் குளோவர் வயலைப் பிடித்துக்கொள்ளும்.

ரையை 25 பவுண்டுக்கு ஏற்றுகிறவர்கள் உண்டு. தனிப்பயிருக்கு அது சரி. கலவையில் அவ்வளவு போட்டால் வசந்தத்தில் குளோவருக்கு வெயிலே கிடைக்காது. ஓட்ஸை ஜூலையிலேயே தூவுவதும் வீண். வேட்டை தொடங்கும்போது தண்டு முற்றிவிடும், மான் சீந்தாது.

கேள்வி: எல்லா விதையையும் ஒன்றாகக் கொட்டித் தூவலாமா அண்ணா?

வேண்டாம். தூவும் கருவி குலுங்கக் குலுங்கக் குளோவர் அடியில் இறங்கிவிடும். ஒரு மூலையில் அடர்த்தியாகவும் மறு மூலையில் வெறுமையாகவும் விழும். விதைக்க வேண்டிய ஆழமும் விதைக்கு விதை வேறு. முதலில் ரையும் ஓட்ஸும் தூவி, ஓர் அங்குலம் மூடும்படி கிளறுங்கள். உருளை ஓட்டி மண்ணை இறுக்குங்கள். அதன்மேல் குளோவரைப் பாதிப்பாதியாகக் குறுக்கும் நெடுக்கும் தூவி, மறுபடி உருளை மட்டும் ஓட்டுங்கள். கால் அங்குலத்துக்குக் கீழே போன குளோவர் பெரும்பாலும் மேலே வராது.

மேல்பூச்சு இல்லாத குளோவர் விதை என்றால் ரைசோபியம் (வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிர்) விதை நேர்த்தி அவசியம். குளோவருக்கான வகையையே கேட்டு வாங்குங்கள். சோயாவுக்கு விற்பது இதில் வேலை செய்யாது. கலந்த அன்றே விதையுங்கள், வெயிலில் வைத்தால் நுண்ணுயிர் செத்துவிடும்.

கேள்வி: கொம்புமான் படம் போட்ட கலவைப் பைகளை நம்பலாமா?

படத்தை விடுங்கள், தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். பூச்சு விதையில் எடையின் மூன்றில் ஒரு பங்கு பூச்சாகவே இருக்கலாம். தூய விதை 65%, முளைப்புத்திறன் 85% என்றால் 10 பவுண்டுப் பையில் முளைக்கக்கூடியது சுமார் ஐந்தரை பவுண்டுதான். முளைப்புச் சோதனைத் தேதி பழையதா என்றும் பாருங்கள். பட்டியலில் ரைகிராஸ் முன்னணியில் இருந்தால் அந்தப் பையை வாங்காதீர்கள். ரை தானியம் வேறு, இந்தப் புல் வேறு; விதை உதிர்ந்து களையாகிவிட்டால் ஒழிப்பது பெரும்பாடு.

கேள்வி: விஸ்கான்சினில் மூன்று வருடமாக ஒரே இடத்தில் டர்னிப் (முள்ளங்கி போன்ற கிழங்குப் பயிர்) போடுகிறேன். இலை மஞ்சளாகிறது, கிழங்கு கோலிக்குண்டு அளவே வருகிறது. விதை மோசமா?

விதையைக் குறை சொல்வதற்கு முன் அடர்த்தியைப் பாருங்கள். டர்னிப் முக்கால் பவுண்டு, அதோடு கலக்கும் ரேப் (கடுகு இனத் தீவனக் கீரை) அரை பவுண்டு போதும். "கொஞ்சம்தானே" என்று இரண்டு மடங்கு தூவினால் கிழங்கு திரளாது. இந்தக் கடுகுக் குடும்பப் பயிர்களுக்குத் தழைச்சத்தும் நிறைய வேண்டும். அது குறைந்தால் இலை மஞ்சளாகும். ஒரே மண்ணில் தொடர்ந்து போட்டால் வேர்முண்டு நோயும் சேரும். செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். முண்டு முண்டாக வீங்கியிருந்தால் சில வருடங்கள் அங்கே டர்னிப், ரேப், முள்ளங்கி எதுவும் வேண்டாம். வயலை இரண்டாகப் பிரித்து, குளோவரோடு இடம் மாற்றிப் போட்டால் குளோவர் சேர்த்துவைத்த தழைச்சத்தும் கிடைக்கும்.

கேள்வி: மண் சோதனையில் பி.ஹெச் (மண்ணின் புளிப்பு அளவு; 7-க்குக் கீழே என்றால் புளிப்பு) 5.4. அடுத்த மாதம் விதைக்க வேண்டும்.

சோதனைச் சீட்டு சொல்லும் அளவு சுண்ணாம்பை இப்போதே மண்ணோடு கலந்துவிடுங்கள், ஆனால் அது வேலை செய்யப் பல மாதம் ஆகும். இந்த வருடம் ரையும் ஓட்ஸும் மட்டும் போடுங்கள். இரண்டும் புளிப்பு மண்ணைத் தாங்கும். இரவில் உறைந்து பகலில் இளகும் மார்ச் நிலத்தில் குளோவரைத் தூவினால், வெடிப்புகளுக்குள் விதை தானாக இறங்கும். அதற்குள் பி.ஹெச் 6-ஐ நெருங்கியிருக்கிறதா என்று இன்னொரு சோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: விதை முளைக்கவில்லையா, மான் தின்றுவிட்டதா, எப்படித் தெரியும்?

விதைத்த அன்றே மூன்றடி விட்டத்தில் ஒரு கம்பிவலைக் கூண்டை வயலில் ஊன்றுங்கள். உள்ளே செழிப்பு, வெளியே மொட்டை என்றால் மான்களுக்கு வயல் போதவில்லை. உள்ளேயும் வெறுமை என்றால் மண்ணையோ விதைத்த ஆழத்தையோ திருத்த வேண்டும்.