சிலிண்டர் போட்டு இறங்கியவருக்குத் தோள் வலித்தால்

கேள்வி: என் கணவர் திருகோணமலைக் கடலில் சிலிண்டர் போட்டுச் சங்கும் கடலட்டையும் எடுப்பவர். வயது 34. பதினைந்து பாகத்தில் வேலை. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு சிலிண்டர் முடிப்பார். சில மாதங்களாகக் கரைக்கு வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் வலது தோள்மூட்டில் வலி தொடங்கிவிடுகிறது. எண்ணெய் தேய்த்தாலும் குளிசை போட்டாலும் இரவில் தூக்கமில்லை. ஆனால் அடுத்த நாள் கடலுக்குள் இறங்கியதும் வலி இருந்த இடம் தெரியாமல் போகிறதாம். கூட இறங்குபவர்களும் அதுதான் மருந்து என்கிறார்கள். இது சதைப் பிடிப்பா, வாதமா? பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போக இருக்கிறோம். இந்த வலியோடு போகலாமா?
– கொட்டியாரக் குடாக் கரையிலிருந்து ஒரு வாசகி

பதில்: ஆளை நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைப்பது எனக்குப் பிடிக்காத வேலை. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி பாதி வைத்தியத்தைச் செய்துவிட்டது: கடலுக்குள் இறங்கினால் வலி மறைகிறது. பதினைந்து பாகத்தில் பையை இழுத்துக்கொண்டு நீந்தினால் சதைப் பிடிப்பு கூடுமே தவிர, குறையாது. வாதமும் அப்படித்தான். தண்ணீரின் அழுத்தம் ஏறியதும் அடங்குகிற வலி ஒன்றுதான் உண்டு. மூட்டைச் சுற்றி உருவான வாயுக் குமிழிகள் தரும் வலி. அமுக்க நீக்க நோய் என்று அதற்குப் பெயர். ஆகவே முதலில் செய்ய வேண்டியது: அவர் இனி இறங்க வேண்டாம். இந்தப் பதிலின் மீதியை அவரையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு வாசியுங்கள்.

கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். பதினைந்து பாகம் என்பது ஏறத்தாழ 27 மீற்றர். அங்கே கரையில் இருப்பதைப்போல 3.7 மடங்கு அழுத்தம். சிலிண்டர் காற்றும் அதே அழுத்தத்தில்தான் வாய்க்குள் வருகிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருப்பது நைதரசன். உடலுக்கு அதனால் பயனுமில்லை, அதைச் செலவழிக்கவும் வழியில்லை. ஆகவே நுரையீரலின் காற்றறைகள் வழியாகக் குருதிக்குள் கரைந்து, குருதி போகிற இடமெல்லாம் போய்த் தங்கிவிடுகிறது. மேலே வரும்போது அழுத்தம் குறையும். கரைந்தது வெளியேற வேண்டும். மெதுவாக வந்தால் மூச்சோடு போய்விடும். விரைந்து வந்தால், அல்லது தங்கியது மிதமிஞ்சிப் போயிருந்தால், இருந்த இடத்திலேயே குமிழியாகும்.

இந்த நோயின் சூட்சுமம் இனித்தான் வருகிறது. கலம், இழையம், அங்கம், தொகுதி என்று பாடசாலையில் படியேற்றிப் படித்தோம். வைத்தியசாலைப் பிரிவுகளும் பெரும்பாலும் அங்கப் பெயரிலேயே இருப்பதால், நோயென்றால் இருதயத்தில் அல்லது சிறுநீரகத்தில் என்றே நினைக்கிறோம். நைதரசனுக்கு அந்தக் கணக்கு கிடையாது. அது பார்ப்பது இழையத்தை. எவ்வளவு குருதி ஓடுகிறது, எவ்வளவு கொழுப்பு இருக்கிறது, இந்த இரண்டைத்தான். கொழுப்பில் அது நீரில் கரைவதைப்போல ஐந்து மடங்கு கரையும். அரிசியையும் கொண்டைக்கடலையையும் ஒரே சட்டியில் ஊறப்போட்டால் அரிசி சீக்கிரம் ஊறும், கடலைக்கு இரவு முழுவதும் வேண்டும். காயப்போட்டாலும் கடலைதான் பிந்தும். மூளை, சிறுநீரகம் போன்ற குருதி நிறைய ஓடும் இழையங்கள் சீக்கிரம் நிறைந்து சீக்கிரம் வெறுமையாகும். தசைநாண், குருத்தெலும்பு, கொழுப்பு, என்பு ஆகியவை மெல்ல வாங்கி மெல்லத்தான் கொடுக்கும்.

இதைக் கணக்காக்கிக் காட்டியவர் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் என்ற பிரித்தானிய உடற்றொழிலியலாளர். அவரும் கூட்டாளிகளும் 1908இல் வெளியிட்ட ஆய்வில் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துப் பார்த்தார்கள். அழுத்தத்தை விரைவாக இறக்கினால் ஆடு ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதற்கும் வலி மூட்டில்தான். உடலை அவர் ஐந்து கற்பனை இழையங்களாகப் பிரித்தார்: ஒன்று 5 நிமிடத்தில் பாதி நிறைவது, மற்றவை 10, 20, 40, 75 நிமிடங்களில் பாதி நிறைபவை. இன்று சுழியோடிகள் கையில் கட்டும் கணினிகள் பல, 16 இழையங்கள் வரை வைத்து இதே வகைக் கணக்கைத்தான் போடுகின்றன.

உங்கள் கணவரின் நாளை அந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். முதல் சிலிண்டர் முடிந்து, படகில் ஒரு மணித்தியாலம் இருந்து தேநீர் குடித்துவிட்டு இரண்டாவதைப் போடுகிறார் என்று வைப்போம். 75 நிமிட இழையத்தில், ஏறியதில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. அதன்மேல் இரண்டாவது, பிறகு மூன்றாவது. கடைசிச் சிலிண்டருக்குப் போகும்போது மந்தமான இழையங்கள் அநேகமாக நிறைந்த நிலை. தோள்மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்கள் அந்த மந்தமான வகை. சிலிண்டரோடு இறங்குபவர்களுக்கு முதலில் வலிப்பது பெரும்பாலும் தோளும் முழங்கையும்தான். மூட்டுக்குள் ஆழமாக, இன்ன இடமென்று விரல் வைக்க முடியாத வலியாக இருக்கும். வெளியே வீக்கமில்லை, சிவப்பில்லை, அமுக்கிப் பார்த்தாலும் வலி கூடுவதில்லை. எண்ணெய்க்குக் கட்டுப்படாததன் காரணமும் அதுதான்.

அடுத்த நாள் இறங்கியதும் வலி ஏன் மறைகிறது? 3.7 மடங்கு அழுத்தத்தில் குமிழி ஏறத்தாழக் கால்பங்காகச் சுருங்கிவிடுகிறது; அவ்வளவுதான். சுருங்கிய குமிழியைச் சுற்றி, அவர் மூச்சில் இழுக்கும் ஒவ்வொரு முறையும் புது நைதரசன் ஏறிக்கொண்டிருக்கிறது. மாலையில் மேலே வரும்போது நேற்றையதும் இன்றையதும் சேர்ந்து விரியும். கூட இறங்குபவர்கள் பொய் சொல்லவில்லை, வலி போவது உண்மைதான். மூச்சடக்கிச் சங்கு குளித்த பழைய தலைமுறையோடு ஒப்பிட்டும் ஆறுதல் சொல்வார்கள். அவர்கள் கொண்டுபோனது ஒரு நெஞ்சு மூச்சு மட்டும். மணிக்கணக்கில் அழுத்தக் காற்றைச் சுவாசிப்பவருக்கு அந்த அனுபவம் பொருந்தாது.

தோள் வலியால் ஆள் சாகமாட்டார். எனக்குப் பயம் முண்ணாணை, அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டை, நினைத்துத்தான். நரம்பு நார்களைச் சுற்றியுள்ள உறை கொழுப்பாலானது. முண்ணாணிலிருந்து குருதியைத் திருப்பிக் கொண்டுபோகும் நாளங்களில் ஓட்டமும் மந்தம். அங்கே குமிழி உருவாகினால் முதலில் வயிற்றைச் சுற்றிப் பட்டி இறுக்கியதுபோல ஒரு நோ, பாதத்தில் விறுவிறுப்பு, கால் பாரம். பிறகு சிறுநீர் முட்டியும் போகாது. இரண்டு மூன்று மணித்தியாலத்தில் எழுந்து நிற்க முடியாத நிலைக்கு வந்துவிடலாம். தோல் கிழிந்தால் மூடும், என்பு முறிந்தால் பொருந்தும். முண்ணாணின் நரம்பிழையம் அப்படி வளர்ந்து மூடுவதில்லை. களைப்பு என்று படுக்கப்போய், விடியும்போது இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் எழும்புகிறவர்கள் இந்தத் தொழிலில் உண்டு.

இவற்றையும் கவனியுங்கள்: தோலில் அரிப்போடு நீலமும் சிவப்பும் கலந்த திட்டுகள், கடலில் பிறந்து வளர்ந்தவருக்குத் திடீரென்று தலைசுற்றி வாந்தி (உட்காதில் குமிழி இருக்கலாம்), நெஞ்சு நோவோடு வறட்டு இருமல், பேச்சுக் குளறல். பெரும்பாலும் மேலே வந்து ஆறு மணித்தியாலத்துக்குள் தெரிந்துவிடும். அரிதாக ஒரு நாள் கழித்தும் வரும். நாளத்தில் வரும் குமிழிகளை நுரையீரல் வடித்துவிடும் என்பது பொதுவான ஏற்பாடு. ஆனால் நான்கு பேரில் ஒருவருக்கு, கருவில் இருந்த காலத்து இருதயத் துவாரம் முழுதாக மூடாமல் இருக்கும். அவர்களுக்கு அந்தக் காவலைத் தாண்டிக் குமிழி மூளைக்கும் போகலாம். இருப்பதே தெரியாமல் ஆயுள் முழுக்க வாழ்வதால் எவருக்கு என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதோடு சேர்ந்த இன்னொரு ஆபத்து, காற்று முடிந்து பதறி மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வருவது. 10 மீற்றரிலிருந்து மேற்பரப்புக்கு வரும்போது நுரையீரலில் உள்ள காற்று இரண்டு மடங்காகும். காற்றறையின் சுவர் ஒரு மைக்ரோனுக்கும் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மெல்லியது. கிழிந்தால் காற்று நேரே நாடிக்குள் போய் மூளையை அடைக்கும். மேலே வந்து பத்து நிமிடத்துக்குள் ஒருவர் மயங்கினால் முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான்.

இனி வலி வந்தால், அல்லது இப்போதே இருந்தால்: 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். ஆளை மட்டமாகப் படுக்க வையுங்கள். ஒட்சிசன் கிடைத்த கணத்திலிருந்து முகமூடியால் கொடுக்க வேண்டும். வலி விட்டுவிட்டது என்று கழற்ற வேண்டாம். நைதரசன் இல்லாத மூச்சு, உள்ளே இருக்கும் நைதரசனை வெளியே இழுக்கும். நினைவு தெளிவாக இருந்தால் தண்ணீரோ ஜீவனியோ (உப்பும் சீனியும் கலந்த கரைசல்) கொடுக்கலாம். சாராயம் கூடாது. திரும்பக் கடலில் இறக்கவே கூடாது. பாதி வழியில் கால் வழங்காமல் போனால் பிறகு தேட வேண்டியது உடலைத்தான்.

வைத்தியசாலையில் “தோள் வலி” என்று மட்டும் சொன்னால் குளிசையோடு வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடும். “சிலிண்டர் போட்டு இறங்கினவர், இத்தனை பாகம், இத்தனை சிலிண்டர், இத்தனை மணிக்கு மேலே வந்தார்” என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டியை வலிக்கிற மூட்டைச் சுற்றிக் கட்டி ஊதும்போது நோக் குறைந்தால் அது ஒரு தடயம். குறையாவிட்டால் நோய் இல்லை என்றாகாது. உண்மையான வைத்தியம் அழுத்த அறையில். 18 மீற்றர் ஆழத்துக்குரிய அழுத்தத்தில், இடைவெளி விட்டு விட்டுத் தூய ஒட்சிசன். ஒரு முறைக்கு ஐந்து மணித்தியாலம் வரை பிடிக்கும். அங்கே அனுப்பும் ஒழுங்கை வைத்தியசாலைதான் செய்ய வேண்டும். நாள் பிந்தி வந்தாலும் பயனுண்டு. ஆகையால் “இத்தனை மாதமாயிற்றே” என்று வெட்கப்பட வேண்டாம்.

தொழிலை விடச் சொல்வது எனக்குச் சுலபம், அடுப்பு எரிய வேண்டியது உங்கள் வீட்டில். வைத்தியர் மீண்டும் அனுமதித்தால், ஆழமான வேலை முதலில், ஆழம் குறைந்தது பிறகு. மேலே வரும் வேகம் நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் இல்லை. 5 மீற்றரில் குறைந்தது மூன்று நிமிடம் தரித்தல். 27 மீற்றரில் நாளின் முதல் இறக்கத்துக்கே சுமார் 25 நிமிடம்தான் கட்டாயத் தரிப்பில்லாமல் வரக்கூடிய எல்லை. சிலிண்டர் வெறுமையாகும்வரை கீழே இருந்து, நான்கு முறை அதே ஆழத்துக்குப் போவதற்கு எந்த அட்டவணையும் இடம் கொடுக்காது. சம்மாட்டிக்கு இது பிடிக்காது, பிடிக்காமலே இருக்கட்டும். அவர் தோளிலா வலி?

நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். அடங்கியிருந்த குமிழியும் மலை ஏறும்போது பெருக்கும். வலி இல்லாதவரே கடைசியாக இறங்கி ஒரு நாள் முழுதாகக் கழித்துத்தான் போக வேண்டும், விமானத்துக்கும் அப்படியே. இவருக்கு வைத்தியம் முடியும்வரை பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

கடைசியாக, மாதக்கணக்காக இருக்கும் வலி என்பதால் ஒரு பரிசோதனை. மேற்கை என்பின் தலைக்குக் குருதி தடைப்பட்டால் அந்த இடம் செத்து, நாளடைவில் மூட்டே இடிந்துபோகலாம். ஆரம்பத்தில் எக்ஸ்-றேயில் ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும். “எக்ஸ்-றே நன்றாக இருக்கிறது” என்ற பதிலோடு வீட்டுக்கு வந்துவிடாமல், என்பு மூட்டு வைத்தியரிடம் சுழியோடும் தொழிலைச் சொல்லி அதைக் கேட்டு வாங்குங்கள். படத்தில் என்பின் தலை பாதிக்கப்பட்டிருந்தால் அழுத்தக் காற்றோடு இறங்குவது அத்தோடு முடிந்தது. வலை, வள்ளம், கரைவேலை எதுவும் செய்யலாம்.