லாரி பேக்கர் வீட்டை வெளியே நின்று படமெடுக்கலாமா?

தம்பி, மார்த்தாண்டத்திலிருந்து பைக்கில் போய் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் ‘ஹாம்லெட்’ வீட்டை வெளிப்புறம் மட்டும் படமெடுத்தால் யாராவது தடுப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் பாறைச் சரிவில் அவர் தன் குடும்பத்துக்காகக் கட்டிய வீடு அது, அருங்காட்சியகம் இல்லை, அதனால் பொது ரோட்டில் நின்று எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கேட்டுக்குள் கால் வைக்க வேண்டுமென்றால் முன்னாடியே கேட்டு அனுமதி வாங்கிவிட்டுப் போங்கள். ட்ரோன் நினைப்பே வேண்டாம்.

என்னைக் கேட்டால், பைக்கை வீட்டில் விட்டுவிட்டு குழித்துறையில் ரயிலேறித் தம்பானூரில், அதாவது திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்குங்கள். ஸ்டேஷனுக்கு எதிரே, பஸ் ஸ்டாண்டை ஒட்டி அவர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸ் நிற்கிறது, செங்கல் அப்படியே சுருண்டு மேலே ஏறும், சுவர் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள், சல்லடை மாதிரி, அதை ‘ஜாலி’ என்பார்கள். மழை விட்ட கையோடு எடுத்தால் செங்கல் நிறம் தூக்கலாக விழும். போனில் 0.5 என்கிற அகலக்கோண லென்ஸ் போடாதீர்கள், சுவர் கோணலாகிவிடும், தள்ளி நின்று எடுங்கள். அப்புறம் உள்ளே போய் ஒரு காபி சொல்லுங்கள்: தரை சாய்வாக ஏறிக்கொண்டே போகும், மேஜை மட்டும் மட்டமாக இருக்கும், காபி சிந்தாது!